பட்டி வைக்காத மட்கார்டு

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சக்கரம் என்பார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனிதர் என்று எப்போதோ யாரோ சொன்னதில் மற்றதெல்லாம் உதிர்ந்து சக்கரம் மட்டும் மிச்சம். இவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். பல் விளக்குவதற்குள் மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கிவிடுவார். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் நான் பேசிக்கொண்டிருப்பேன், இவர் அவர்கள் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில், நான் வாயைத் திறந்தாலே எழுந்து போகிறாரே, என்னைப் பிடிக்கவில்லையோ என்று அழுதிருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது, மனிதருக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை, நாற்காலியைத்தான் பிடிக்காது.

தொழில் டிங்கர் வேலை. இடிபட்டு ஒடுங்கி வரும் வண்டித் தகரத்தைத் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது. எங்கள் பட்டறை ஒரே கூரை. முன்பக்கம் இவர் தட்டுவார். பின்பக்கம் இவருடைய தம்பி, என் கொழுந்தன், பெயிண்ட் அடிப்பான். ஓரமாக ஜன்னல் வெளிச்சத்தில் என் தையல் மெஷின். சீட்டுக்கு உறை தைப்பது என் வேலை. நாள் முழுக்க இவருடைய சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது நின்றுவிட்டால் எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அப்படிப் பழகிப்போன காது.

இந்த மனிதர் அசையாமல் நிற்பது ஒரே ஒரு வேளையில்தான். தட்டிய தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவும்போது. அப்போது தகரத்தைப் பார்க்க மாட்டார். தெருவைப் பார்ப்பார், மின்கம்பத்தைப் பார்ப்பார், என்னைக்கூடப் பார்ப்பார், ஆனால் பார்வை என் மேல் இருக்காது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று உள்ளங்கை சொல்லும், இவர் கேட்டுக்கொள்வார். கால் இரண்டும் தரையில் ஊன்றி நிற்கும். அந்த நேரம் பார்த்து வீட்டு விஷயம் ஏதாவது கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவார். அந்த வசதியை நான் நிறையவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அந்த நிற்பு கெட்டுப்போனது. கையைத் தகரத்தில் வைப்பார், எடுப்பார், பேண்ட்டில் துடைப்பார், மறுபடி வைப்பார். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். குனிந்து கண்ணால் பார்ப்பார். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச் அடித்து ஒடுக்கு தேடுகிற டிங்கரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்திருந்தேன். துணிகூடப் பிடிக்காமல் எடுத்துக்கொண்டு, வாசலில் யாரிடமோ நின்று கதை பேசிக்கொண்டிருந்தார். டம்ளரை வாங்கப் போனவள் கையை உதறினேன். அப்படி ஒரு சூடு.

"என்னங்க, கை சுடலையா?"

"ஆறிடுச்சே" என்றார். உள்ளங்கை ரத்தமாகச் சிவந்திருந்தது.

இழுத்துக்கொண்டு போனேன் ஆஸ்பத்திரிக்கு. சர்க்கரை ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, நரம்பைத் தின்றிருக்கிறது. உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மாத்திரையை விடாமல் போடுங்கள், சுத்தியலை விட்டுவிடுங்கள் என்று தலை நிமிராமல் சொன்னார். வெளியே வந்ததும் இவர் பிடித்த நடையில் நான் ஓட வேண்டியிருந்தது.

"சுத்தியலை விட்டுட்டு என்ன செய்றதாம்? அதையும் அவரே சொல்லட்டுமே."

"கொஞ்சம் நின்னு பேசுங்க."

நின்றார். தெருவில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்தில் நின்று, மெதுவாகச் சொன்னார். "இதை யார்கிட்டயும் சொல்லாத. தம்பிகிட்டகூட சொல்லாத. டிங்கருக்குக் கை மரத்துப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, ஒரு சைக்கிள்கூட நம்ம பட்டறைப் பக்கம் திரும்பாது. எனக்கு வேற வேலை தெரியாது. வீட்ல உக்காரவும் தெரியாது."

சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு சக்கரம் போதாதா? வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால் மனது பக்கென்று ஆகும். எவ்வளவு பெரிய ஒடுக்கோ, இவர் கண்ணால் பார்த்தே சமாளித்துவிடுவாரோ மாட்டாரோ என்று மெஷினை மிதிப்பேன், தையல் கோணலாகும், பிரிப்பேன்.

எங்களைக் காப்பாற்றியது பட்டி. தட்டிய தகரத்தில் மிச்சமிருக்கும் சின்னச் சின்னக் குழிகளை அடைக்கப் பெயிண்டர் குழைத்துப் பூசும் பசை அது. காய்ந்ததும் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கடவுளுக்கும் தெரியாது. இவர் விட்ட மேடுபள்ளத்தையெல்லாம் கொழுந்தன் பட்டி வைத்து மூடிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் நான் பட்டி டப்பாவைத் திறந்தாலே முறைப்பார். இப்ப சுவர் பூசற மாதிரி பூச வேண்டியிருக்கு."

"உனக்கும்தான் வேலை வேணும்ல. பேசாம பூசு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். அதட்டிச் சமாளித்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கம்பவுண்டர் வந்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் போலவே காரும் துடைத்து வைத்தது போல இருக்கும். என் கொழுந்தனை விட வயதில் மூத்த கார். முன்பக்கம் இரண்டு மட்கார்டும் உருண்டையாக, குழந்தையின் கன்னம் போல இருக்கும். அதில் இடது மட்கார்டை அவர் வீட்டு கேட் தூணில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு மடிப்பு விழுந்து, பக்கமெல்லாம் உள்ளே போயிருந்தது.

"புது மட்கார்டு எங்கயும் கிடைக்காது. விசாரிச்சுட்டேன். இதையேதான் நிமிர்த்தணும்" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னக் காந்தம். "ஆனா பட்டி வைக்கக் கூடாது. போன தடவை வேற இடத்துல விட்டேன். வெயில்ல பொருக்குப் பொருக்கா விழுந்துச்சு. பட்டி மேல காந்தம் ஒட்டாது. இனிமே ஒட்டினாத்தான் வண்டியை எடுப்பேன். ஒட்டலைன்னா நாலு பேர்கிட்ட சொல்லுவேன், சொல்லிட்டேன்."

நான் மெஷினுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே போட்டுச் சத்தம்கூடக் கிளப்பினேன். இவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர என் பக்கம் திரும்பவில்லை.

"விட்டுட்டுப் போங்க சார். காந்தம் ஒட்டும்."

கம்பவுண்டர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"உங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா? எதை வச்சு ஒத்துக்கிட்டீங்க?"

"அந்த மனுஷன் முன்னாடி முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

சுத்தியலை எடுத்துவிட்டார்.

முதல் பாதி வேலையில் குறையில்லை. மட்கார்டின் உள்பக்கம் இடது கையால் ஒரு இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடித்து, வெளியே சுத்தியலால் அடிக்க வேண்டும். மடிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்தது. நான் தைத்துக்கொண்டே கேட்டேன். ஒடுங்கிய தகரம் தொப் தொப்பென்று மந்தமாகக் கேட்கும். நேரானதும் சத்தம் தெளிந்து ணங்கென்று வரும். மதியத்துக்கு முன்னால் சத்தம் தெளிந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். இத்தோடு சுத்தியலை வைத்துவிட்டுக் கையால் தடவிப் பார்ப்பார், முன்பெல்லாம் அப்படித்தான்.

சத்தம் நிற்கவில்லை. தடவினார், திருப்தியில்லை, அடித்தார். நடந்தார், வந்தார், தடவினார், அடித்தார். போதும் என்று சொல்ல வேண்டிய உள்ளங்கை ஊமையாக இருந்தால் மனிதர் எங்கே நிறுத்துவார்? கொழுந்தன் பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். சொல்லவா வேண்டாமா என்று நான் காலை மெஷினில் வைத்தபடி தவித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் இந்த வேலையைச் செய்த மனிதரிடம் சீட் உறை தைப்பவள் போய் நிறுத்துங்கள் என்பதா?

அப்போது டப் என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். தகரத்தை அளவுக்கு மேல் அடித்தால் அது மெலிந்து விரியும். விரிந்தது போக இடமில்லாமல் தொப்பையாக நிற்கும். அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் டப்பென்று வெளியே வரும், எண்ணெய் டின் மூடி மாதிரி. தொழில் கற்கிற முதல் வருஷத்தில் செய்கிற தப்பு அது. இவர் கட்டைவிரலால் அழுத்தினார். டப். மறுபடி அழுத்தினார். டப். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி அழுத்தினார்.

நான் எழுந்து போனேன்.

"போதும். விடுங்க."

"உனக்கு என்ன தெரியும்? போய் உறையைத் தை."

"சத்தம் தெளிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? அதுக்கு மேல ஏன் அடிச்சீங்க?"

இரும்புக் கட்டியைத் தரையில் எறிந்தார். எறிந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "கை சொல்ல மாட்டேங்குது. என்ன செய்யச் சொல்ற? சுவர் மேல கை வச்ச மாதிரி இருக்கு. எங்க தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் எனக்குக் கைவந்தது, அதையே பிடித்துக்கொண்டேன்.

"நகருங்க அந்தப் பக்கம்."

"எதுக்கு?"

"ரெக்சினுக்கு அடியில ஒரு நூல் முடிச்சு இருந்தாலே என் கை கண்டுபிடிக்கும். இவ்வளவு பெரிய தகரம் என்ன பெரிய இது?"

மோதிரத்தைக் கழற்றி மெஷின் டிராயரில் போட்டேன், தகரத்தில் கீறல் விழக் கூடாதே. தகரத்தில் கை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லா இடமும் மேடாக இருக்கிறது என்றேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"விரல் நுனியால பாக்காத, அது பொய் சொல்லும். உள்ளங்கையை வை. அழுத்தாத, தடவு. நடுவுல மெல்லிசா ஒரு துணி போட்டுக்க, கை வழுக்கிட்டுப் போகும்."

லைனிங் துணியில் ஒரு துண்டு கிழித்து வந்தேன். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, துணியைப் போட்டதும் தகரம் பேச ஆரம்பித்துவிட்டது. இங்கே ஒரு மேடு, அதற்குப் பக்கத்தில் ஒரு சரிவு. சாக்பீஸால் வட்டம் போட்டேன். காரை மூக்கு சுவரைப் பார்க்கும்படி தள்ளித் திருப்பினோம். ஷட்டரைப் பாதி இறக்கினோம். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் மெஷினுக்கு ஓடுவேன், போனதும் திரும்பி வருவேன். திருட்டு வேலை செய்கிறவர்கள்கூட எங்களை விட நிதானமாகச் செய்திருப்பார்கள்.

விரிந்த தகரத்தைச் சுருக்க வேண்டும். நான் வட்டம் போட்ட இடத்தில் கேஸ் நெருப்பைக் காட்டிப் பழுக்கவைத்தார். சுற்றிலும் லேசாகத் தட்டி, ஈரத் துணியை வைத்து அமுக்கினார். சுர்ரென்று ஆவி வந்தது. சூடுபட்ட தகரம் குளிர்ந்ததும் சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் தொப்பை உள்ளே போகும். அதில் இவர் கை தடுமாறவே இல்லை. தடவுவதில்தான் நாங்கள் அடித்துக்கொண்டோம்.

"இன்னும் கொஞ்சம் மேல."

"எது மேல? பானெட் பக்கமா, லைட் பக்கமா?"

"என் பக்கம்."

"நீ எந்தப் பக்கம் நிக்கறன்னு நான் திரும்பித் திரும்பி பாத்துட்டிருக்கவா?"

"கண்ணு நல்லாத்தானே இருக்கு, பாருங்க."

சாயங்காலத்துக்குள் டப் சத்தம் போய்விட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன், தகரம் அசையவில்லை. அடுத்த நாளும் அதே கூத்து. கொழுந்தனை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தேன். எனக்கு இவ்வளவு நூல்கண்டு எதற்கு என்று அவனே கேட்டுவிட்டான்.

முடிந்ததும் அவன் வந்து தடவிப் பார்த்தான். வலது மட்கார்டைத் தடவினான், மறுபடி இடதைத் தடவினான்.

"அண்ணா, பழைய கை திரும்பி வந்துடுச்சு" என்றான். பட்டி டப்பாவை மூடியபடியே ஓரமாக வைத்துவிட்டு, நேரே பிரைமர் அடிக்கப் போனான். அண்ணனை நினைத்து அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவரோ பட்டறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வண்டி எடுக்க கம்பவுண்டர் வந்த காலையில் ஒரு வேன் டிரைவரும் வந்திருந்தார். வேனின் பக்கவாட்டு முழுக்க நசுங்கியிருந்தது. நல்ல பெரிய வேலை. கம்பவுண்டர் காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்தார். ஒட்டியது. ஹெட்லைட்டுக்கு மேலே வைத்தார். ஒட்டியது. மடிப்பு விழுந்திருந்த வரி முழுக்க வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த மாதிரி ஒரு கையை நான் பாத்ததில்ல" என்று இவர் தோளில் தட்டினார்.

வேன் டிரைவர் சிரித்தார். "அப்ப என் வண்டியையும் இந்தக் கையிலயே குடுத்துடறேன்."

எல்லாம் முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். இவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். காருக்கு அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். வேண்டாம், வேண்டாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்துவிட்டார்.

"என் கை இல்ல சார். என் கைக்கு உணர்ச்சி போயிடுச்சு. தட்டினது நான்தான், ஆனா மேடுபள்ளம் பாத்தது இவ கை."

கொழுந்தன் பெயிண்ட் கன்னோடு அப்படியே நின்றான்.

"எப்ப இருந்து? என்கிட்ட ஏன் சொல்லல அண்ணா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது."

"நான் யாரோவா?" என்றான் அவன். இவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேன் டிரைவர் தன் சாவியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "சரி, எனக்கு இன்னிக்கு ஒரு சவாரி இருக்கு. அடுத்த வாரம் வரேன்" என்றார். வர மாட்டார். எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேன் கிளம்பிப் போகும்வரை நான் இவரை முறைத்துக்கொண்டிருந்தேன். உண்மை பேச நேரம் காலம் கிடையாதா? வேனை உள்ளே விட்டுவிட்டாவது பேசியிருக்கக் கூடாதா? நாளைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இனி இந்தப் பட்டறைக்கு யார் வருவார்கள்?

கம்பவுண்டர் இவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கையில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். இவர் முகத்தையே கவனித்தார். அழுத்தி இன்னொரு கோடு இழுத்தார். கையை மெதுவாகக் கீழே விட்டார். மட்கார்டின் மேல் தன் கையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்தார்.

"அம்மா, பின்கதவுலயும் கீழ ஒரு ஒடுக்கு இருக்கு. அதையும் நீங்களே பாத்துச் சொல்றீங்களா, எடுக்க முடியுமான்னு?"

வேலை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் என்னைக் கேட்டபோது இவர் நின்ற நிலையைப் பார்த்தேன். தன் பட்டறையிலேயே வழி விட்டு ஒதுங்கி, சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் சீட் உறை தைக்கிறவ சார். டிங்கர் அவர்தான். அவர்கிட்ட கேளுங்க."

கம்பவுண்டர் திரும்பி, "சொல்லுங்க, எடுத்துடலாமா?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் பின்கதவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். நிமிர்ந்தார். கொழுந்தனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க வா" என்றார். "எல்லாரும் பாக்கட்டும், வா."

போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கதவின் மேல் கொண்டுபோய் வைத்தார். அந்தப் பிடி எலும்பு வரை வலித்தது, வளையல் தோலில் பதிந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று இவருக்குத் தெரியவில்லை.

"எங்க இருக்கு, சொல்லு."

"கொஞ்சம் கீழ" என்றேன்.